பதினொரு மணித் தண்ணீர்

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தானும் சுகம். அங்கே நீயும் உன் மனைவியும் மகள் வாண்டுவும் சுகம்தானே? என் இடது காதுதான் போன வருடத்தைவிட இன்னும் மந்தமாகிவிட்டது. காற்று ஊதும் ப்ளோயர் பக்கத்தில் ஒன்பது வருடம் நின்றால் கல்லும் செவிடாகும். இனி போன் வேண்டாம். நீ அங்கிருந்து கத்த, நான் இங்கிருந்து கத்த, நம் வீட்டுக் கதை தெருவுக்கே தெரிகிறது. கடிதம் என்றால் இருவருக்கும் தொண்டை மிச்சம்.

நல்ல செய்தி ஒன்று. ஏரிப் படித்துறையைத் திறக்கப் போகிறார்கள். பத்து வருடமாகக் கம்பிவேலி போட்டு அடைத்து வைத்திருக்கிறார்களே, அதேதான். ஜூன் கடைசி வரை நம் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தண்ணீர் சோதனையில் தேறினால், ஜூலை முதல் தேதி ஊர் மக்கள் இறங்கிக் குளிக்கலாம். நகராட்சி ஆணையர் வாயாலேயே சொன்னார். படித்துறை திறந்ததும் என்னை மேற்பார்வையாளர் ஆக்கப் போவதாகவும் சொன்னார். "உங்க தம்பி இருந்தப்பவும் ஒரு கெட்ட ரிசல்ட் கிடையாது, நீங்க வந்த பிறகும் கிடையாது. என்னம்மா, குடும்பக் கைராசியா?" என்று கேட்டார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

கைராசி எல்லாம் எனக்கு இல்லை. வேலை செய்வது நானா என்ன? காற்றுத் தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் ஊர் அழுக்கை இரவு பகலாகத் தின்கின்றன. லீவு கேட்பதில்லை, டீ குடிக்கப் போவதில்லை. என்னிடம் உள்ள மூன்று பேரையும் அவற்றிடம் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். தொட்டி இப்போது நல்ல காப்பித்தூள் நிறத்தில் இருக்கிறது, மழை பெய்த மண் மாதிரி வாசனை. கண்ணாடி ஜாடியில் ஒரு லிட்டர் எடுத்து அரைமணி வைத்தால் கசடு அடியில் படிந்து, மேலே பளிங்குத் தெளிவு. ஒன்பது வருடம் ஆகியும் தினமும் அதை வாய் பிளந்து பார்க்கிறேன்.

நீ விட்டுப்போன ஒழுங்கைத்தான் நான் காப்பாற்றி வருகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

---

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்குத் தம்பியின் வணக்கம்.

எல்லோரும் நலம். வாண்டுவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சிரித்தால் ஷட்டர் திறந்த கடை மாதிரி இருக்கிறது. அத்தானின் முதுகுவலி எப்படி? ரிப்பேர் கடையில் படகு எஞ்சினைத் தனியாகத் தூக்க வேண்டாம் என்று சொல், உன் சொல்லையாவது கேட்பார்.

உன் கடிதத்தைப் பெருமையோடு இவளிடம் படித்துக் காட்டினேன். நகராட்சி அலுவலகத்தில் தபால் பதிவு செய்துகொண்டிருந்தவள் நீ. நான் வெளிநாடு கிளம்பியபோது, "நீ பாத்த வேலையை நான் ஏன் பாக்கக் கூடாது?" என்று கேட்டு, முப்பத்தெட்டு வயதில் பரீட்சை எழுதி, சேற்றில் இறங்கினாய். எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது. மேற்பார்வையாளர் பதவி உனக்கு எப்போதோ வந்திருக்க வேண்டியது.

இங்கே துறைமுகச் சுத்திகரிப்பு நிலையத்தில் தலைமை ஆபரேட்டர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு நானும் இன்னொருவனும் போட்டி. நேர்முகத்தில், பழைய ஊரில் ஐந்து வருடம் ஒரு கெட்ட ரிசல்ட் கூட வந்ததில்லை என்று சொன்னேன். அதற்குச் சான்று கேட்கிறார்கள். ஆணையரிடம் கையெழுத்து வாங்கி அனுப்ப முடியுமா? அவசரம் இல்லை, மே மாதத்துக்குள் வந்தால் போதும். வந்தால் வாண்டுவை நல்ல பள்ளியில் சேர்ப்பேன், வீடும் நிலையத்துக்கு அருகிலேயே தருவார்கள்.

உன் காதுக்கு வைத்தியரைப் பார். ப்ளோயர் அறைக்குப் போகும்போது காதுமூடி போடு. பஞ்சு வைத்தால் போதும் என்று சொல்லாதே.

அன்புடன்,
தம்பி

---

மார்ச் 8

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். காதுமூடி வாங்கிவிட்டேன், போட்டால் வண்டு மாதிரி இருக்கிறேன் என்கிறார் உன் அத்தான். சான்றுக்கு மனு கொடுத்துவிட்டேன்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். நீ வைத்த வழக்கப்படி தினமும் காலை ஒன்பது மணிக்குத்தான் ஏரிக்குப் போகும் தண்ணீரில் சாம்பிள் எடுக்கிறேன். எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, பத்து மணி பஸ்ஸில் லேபுக்கு அனுப்பிவிட்டு, ஊரின் மறுகோடியில் இருக்கும் பம்பு நிலையங்களைப் பார்க்கப் போவேன். திரும்பும்போது ஒன்றரை ஆகிவிடும். ஒன்பது வருடமாக இதுதான் நடைமுறை.

போன செவ்வாய்க்கிழமை பாட்டில் கை நழுவி உடைந்துவிட்டது. மாற்றுப் பாட்டில் வேறு அலமாரியில் பூட்டியிருந்தது, சாவி என் வீட்டில். போய் எடுத்து வருவதற்குள் பதினொரு மணி. பஸ் போனால் போகட்டும், மதிய பஸ்ஸில் அனுப்பலாம் என்று வாய்க்காலில் பாட்டிலை முக்கினேன். தூக்கிப் பார்த்தால் கஞ்சித் தண்ணீர்.

ஓடிப்போய்த் தெளிவுத் தொட்டியைப் பார்த்தேன். அடியில் கிடக்க வேண்டிய கசடு மேகம் மாதிரி எழும்பி, விளிம்பு வழியாக ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது. வாசலில் நம் காவலாளி, அந்தத் தூங்குமூஞ்சி, உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டுக் காட்டினேன். "இது தினமும் இப்படித்தாம்மா. நீங்க அந்தப் பக்கம் போனதும் ஆரம்பிக்கும், ஒரு மணிக்கு நின்னுரும்" என்றார். "ஏன்யா இத்தனை வருஷமா சொல்லல?" என்றேன். "நீங்க கேக்கலையே" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கேட்காதது நான்தான்.

யோசித்துப் பார்த்தால் கணக்கு நேராக வருகிறது. காலையில் ஊரே ஒரே நேரத்தில் குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவுகிறது. அந்த வெள்ளம் குழாய் வழியே நம்மிடம் வந்து சேரப் பத்து மணி. பதினொரு மணிக்குத் தொட்டி தாங்காமல் கசட்டைத் தள்ளுகிறது. ஒன்பது மணிக்கு நான் பார்ப்பது ஊர் தூங்கிக்கொண்டிருந்தபோது வந்த தண்ணீர்.

நீ ஏன் ஒன்பது மணி என்று வைத்தாய்? உனக்கு நினைவிருந்தால் எழுது.

அக்கா

---

மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். வீட்டில் எல்லோரும் நலம். இங்கே திடீரென்று வெயில் ஏறிவிட்டது. வாண்டுவுக்குப் புதுப்பல் எட்டிப் பார்க்கிறது, கொஞ்சம் கோணல், உன் பல் மாதிரி என்கிறாள் இவள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பது மணி என்பது பஸ்ஸுக்காக. பத்து மணி பஸ்ஸை விட்டால் லேபில் அன்றைக்கு வாங்க மாட்டார்கள். வேறு காரணம் என்ன இருக்கப் போகிறது?

ஒரு நாள் கசடு எழும்பியதை வைத்து மனதைக் குழப்பிக்கொள்ளாதே. எந்த நிலையத்திலும் அப்படி நடக்கும். காவலாளி சொல்வதை எல்லாம் கேட்டால் தொட்டியில் முதலை இருக்கிறது என்றும் சொல்வார். ஜூலை வரை இருக்கிறபடி விடு, அக்கா. படித்துறை திறக்கட்டும், உன் பதவி வரட்டும், பிறகு சாவகாசமாகச் சரி செய்யலாம். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தான் கறக்க வேண்டும்.

சான்று கையெழுத்தாகிவிட்டதா?

தம்பி

---

ஏப்ரல் 16

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் அத்தானுக்கு முதுகுவலி தேவலாம்.

ஒரு வாரம் பம்பு நிலையங்களுக்கு வேறு ஆளை அனுப்பிவிட்டு, காலை ஆறு முதல் மாலை ஆறு வரை மணிக்கொரு பாட்டில் நானே எடுத்தேன். ஒரு லிட்டரில் முப்பது மில்லிகிராம் கசடுக்கு மேல் ஏரிக்குப் போகக் கூடாது என்பது விதி. ஒன்பது மணிக்குப் பன்னிரண்டு. பத்து மணிக்கு நாற்பது. பதினொன்றுக்கு நூற்றுப் பத்து, ஒரு நாள் நூற்று முப்பது. ஒரு மணிக்கு மறுபடி இருபது. ஏழு நாளும் இதே கதை. ஊசி போன இடத்தைத் தேடித் தேடி உலக்கை போன இடத்தைக் கோட்டை விட்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பிப்ரவரியில் ஒரு தையல்காரம்மா நிலையத்துக்கு வந்தார். எட்டு வயது மகள். மற்றப் பிள்ளைகளோடு வேலி இடுக்கு வழியாக நுழைந்து, மதியம் பள்ளி விட்டதும் படித்துறையில் குளித்திருக்கிறாள். காதில் சீழ் வைத்து, சவ்வு ஓட்டையாகி, ஒரு காது கேட்கவில்லை. "இந்தத் தண்ணியாலயாம்மா?" என்று கேட்டார். நான் சுவரில் மாட்டியிருக்கும் பாராட்டுச் சான்றிதழைக் காட்டி, "இங்கேர்ந்து போற தண்ணி சுத்தம்மா, நீங்க வேற எங்கயாவது பாருங்க" என்று அனுப்பிவிட்டேன். மதியக் காற்று நம் வாய்க்காலிலிருந்து படித்துறைப் பக்கம்தான் அடிக்கும். அது எனக்குத் தெரியாதா? தெரியும். சேர்த்து யோசிக்கத்தான் தெரியவில்லை.

இதை எழுதிக் கொடுத்தால் படித்துறை திறக்காது, என் பதவி போகும். அதுகூடப் பரவாயில்லை. நேரத்தை வைத்தது யார் என்று கேட்பார்கள். உன் சான்று கையெழுத்தாகி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இன்னும் அனுப்பவில்லை.

பிளீச்சிங் பவுடர் டப்பாக்களுக்குப் பின்னால் உன் பழைய நோட்டு கிடைத்தது, நீ வேலைக்குச் சேர்ந்த மாதத்தினுடையது. முதல் ஏழு பக்கம் படித்தேன். உன் கையெழுத்து அப்போதே அழகு.

எனக்கு ஒரு வழி தோன்றுகிறது. பின்பக்கம் செடி முளைத்துக் கிடக்கிறதே பழைய வட்டத் தொட்டி, காலை வெள்ளத்தில் பாதியை அதில் தேக்கி, மதியத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் நம் தொட்டி தாங்கும். ஆனால் அதற்குப் போகும் குழாயின் வால்வு எங்கே புதைந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. வரைபடமும் இல்லை. நீ வேலைக்குச் சேர்ந்த வாரத்தில்தான் அதை மூடினார்கள்.

வால்வைப் பற்றி எழுது. வேறு ஏதாவது சொல்ல இருந்தாலும் எழுது.

அக்கா

---

மே 14

அன்புத் தம்பிக்கு,

நீ கடைசியாகக் கடிதம் எழுதி ஏழு வாரம் ஆகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? உன் மனைவி அத்தானுக்கு அனுப்பிய படத்தில் வாண்டு சிரிக்கிறாள், பின்னால் நீயும் நிற்கிறாய். எனவே கை கால் நன்றாகத்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

இருபத்தைந்தாம் தேதி அறிக்கை கொடுக்கப் போகிறேன். சாம்பிள் நேரம் தவறு, ஒன்பது வருடமாக அதைச் சோதிக்காமல் விட்டது என் பொறுப்பு என்று எழுதியிருக்கிறேன். அது பொய் இல்லை. உன் பெயர் அதில் இல்லை.

வால்வைத் தேடி ஆறு இடத்தில் தோண்டிவிட்டோம். புதையல் எடுக்கிறோம் என்று ஊரில் பேச்சு.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

---

ஜூன் 2

அக்கா,

வால்வு: ப்ளோயர் அறையின் வடகிழக்கு மூலையிலிருந்து பழைய தொட்டியை நோக்கிப் பதினான்கு அடி, அங்கிருந்து வேலிப் பக்கம் மூன்றடி. ஆழம் நாலரை அடி. மேலே சிமெண்டுப் பலகை இருக்கும், அதில் இரும்பு வளையம். பின்பக்கத்தில் படம் போட்டிருக்கிறேன். இடப்பக்கம் திருகினால்தான் மூடும், மற்ற வால்வுகளுக்கு நேர்மாறு. பலவந்தமாகத் திருகாதே, முதலில் இரண்டு நாள் எண்ணெய் ஊற்றி ஊறவிடு.

தொட்டியின் அடியில் ஒரு விரிசல் இருந்தது, கிழக்குப் பக்கம். பூசிவிட்டுத் தண்ணீர் விடு. மூன்று மணி நேர வெள்ளத்தை அது தாங்கும். கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

எல்லோரும் நலம்.

தம்பி

---

ஜூன் 19

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் அத்தானுக்கு மட்டும் மறுபடி முதுகு பிடித்துக்கொண்டது, காரணம் கீழே.

பதினான்கு அடி, மூன்றடி, நாலரை அடி. அளந்து தோண்டினோம். மண்வெட்டி டங் என்று பலகையில் பட்டபோது தூங்குமூஞ்சிகூட எழுந்து நின்று கை தட்டினார். பதினான்கு வருடம் கழித்து, கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு, ஒரு சாண் பிசகாமல் சொல்லியிருக்கிறாய். உன் மூளையை என்ன சொல்ல? இரண்டு நாள் எண்ணெயில் ஊறவிட்டு, உன் அத்தானும் நானும் சேர்ந்து திறந்தோம். தண்ணீரைத் திருப்பி அனுப்ப அவர் கடையில் கிடந்த பம்பையே சரி செய்து கொண்டுவந்தார். வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தனியாகத் தூக்கினார்.

போன திங்கட்கிழமை முதல் காலை ஒன்பதரைக்கு வால்வைத் திறக்கிறோம். பழைய தொட்டி மெல்ல நிறைகிறது. பதினொரு மணிக்கு நான் தெளிவுத் தொட்டியின் விளிம்பில் நின்று பார்த்தேன். அடியில் கசடு பூனை மாதிரி சுருண்டு படுத்திருந்தது, மேலே வழிந்த தண்ணீரில் என் முகம் தெரிந்தது. பதினொரு மணிப் பாட்டிலில் இருபத்தாறு. முதன்முறையாக முப்பதுக்குக் கீழே. அழுதுவிட்டேன். வெயிலில் கண் கூசுகிறது என்று மற்றவர்களிடம் சொன்னேன்.

சொன்னபடி மே இருபத்தைந்தாம் தேதியே அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். ஆணையர் அதை இரண்டு முறை படித்தார். "இதைக் குடுக்காம இருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதேம்மா" என்றார். "எனக்குத் தெரியுமே சார்" என்றேன். படித்துறைத் திறப்பு ரத்து. கரையோரக் கடைக்காரர்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சுவரில் இருந்த சான்றிதழை நானே கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன், ஆணி மட்டும் இருக்கிறது. விசாரணை உண்டு.

மூன்று மணி நேர வெள்ளத்தைத் தாங்கும், கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். எப்போது போட்டாய் என்று எழுதவில்லை.

அக்கா

---

ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறோம். இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

அந்தக் கணக்கை நான் போட்டது வேலைக்குச் சேர்ந்த எட்டாம் நாள். நோட்டின் முதல் ஏழு பக்கத்தில் நீ என்ன பார்த்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். நானும் உன்னைப் போலவே மணிக்கொரு பாட்டில் எடுத்தேன். பதினொரு மணி எண்ணைச் சிவப்பில் வட்டம் போட்டேன். அப்போது நாற்பத்தைந்து, ஐம்பதுதான். பழைய தொட்டியைத் திறந்தால் சரியாகிவிடும் என்று படம்கூடப் போட்டேன். புது நிலையம் திறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வந்த வேகத்தில் குறை சொல்கிறான் என்பார்களே என்று பயந்தேன். ஒன்பது மணிக்கு எடுத்தால் நன்றாக வரும், பஸ்ஸுக்கும் சரியாக இருக்கும் என்று எழுதி வைத்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு மாதம் கழித்துச் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் பாராட்டு வந்துவிட்டது. பிறகு ருசி கண்ட பூனைதான்.

கிளம்பும்போது உன்னிடமாவது சொல்லியிருக்க வேண்டும். நீ என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றாய். வாய் வரவில்லை. ஊர் வளர வளர ஐம்பது நூறாகும் என்று தெரியாதவன் இல்லை நான். உன் மார்ச் கடிதம் வந்ததும் பஸ், வெயில், பல் என்று பக்கத்தை நிரப்பினேன். ஏப்ரல் கடிதம் வந்த பிறகு நிரப்பவும் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் பெண் குழந்தையைப் பற்றிய வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. வாண்டுவுக்கும் எட்டு வயதுதான்.

உன் பெயரை மட்டும் போட்டு அறிக்கை கொடுத்தாய் பார், அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. நேற்று ஆணையருக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். இங்கே மேலாளரிடமும் சொல்லிவிட்டேன். தலைமை ஆபரேட்டர் வேலை மற்றவனுக்குப் போகிறது. என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை, ஷிப்டில் இருக்கலாம் என்றார். இவளிடமும் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் சோறு போட்டாள். இழுப்பறையில் இருக்கும் சான்றைக் கிழித்துவிடு.

உன்னைப் போல ஒருத்தி உலகத்தில் எத்தனை பேருக்கு அக்காவாக இருப்பாள்? எனக்கு வாய்த்தும் நான் பொய் சொன்னேன். என்னைத் திட்டி ஒரு கடிதம் போடு. எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிக்கிறேன்.

தம்பி

---

ஜூலை 24

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம், அத்தான் எழுந்து நடமாடுகிறார். உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். மூன்றாம் நாள் சோறு போட்டவள் நல்லவள், நானாக இருந்தால் ஒரு வாரம் ஆகியிருக்கும்.

திட்டச் சொன்னாய். திட்டுகிறேன். ஏப்ரலில் அந்த நோட்டைப் பார்த்த அன்று உன் மேல் வந்த கோபத்தில் அதை அடுப்பில் போட இருந்தேன். நீ தெரிந்தே செய்தாய் என்பதைவிட, நான் கேட்டும் பஸ் என்று எழுதினாயே, அதுதான் சுட்டது. நீயாகச் சொல்வாய் என்று ஒவ்வொரு நாளும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலுக்குப் போனேன். உன்னைக் காட்டிக் கொடுக்கவும் மனம் வரவில்லை, உன்னை மன்னிக்கவும் மனம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் கிடந்து நான் பட்டது எனக்குத்தான் தெரியும். திட்டு முடிந்தது.

இப்போது நடந்ததைக் கேள். பதினேழாம் தேதி ஆணையர் கூப்பிட்டார். மேசை மேல் இரண்டு கடிதங்கள் அருகருகே இருந்தன.

"ஒண்ணு நீங்க குடுத்தது. சோதிக்காம விட்டது என் தப்புன்னு எழுதியிருக்கீங்க. இன்னொண்ணு உங்க தம்பிகிட்டேருந்து வந்தது. தெரிஞ்சே அந்த நேரத்தை வச்சது நான்தான், அக்காவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதியிருக்கார். பாராட்டு விழான்னா நான் நான்னு முன்னால வந்து நிக்கிறவங்களை நிறையப் பாத்திருக்கேன். தப்புக்கு இப்படி அடிச்சுக்கிற குடும்பத்தை இன்னிக்குத்தான் பாக்குறேன். இதுல எது உண்மை?"

"ரெண்டும்தான் சார்" என்றேன். பையிலிருந்து உன் நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஏழு பக்கத்தையும் புரட்டினார். சிவப்பு வட்டங்களில் விரலை வைத்துப் பார்த்தார். "இவ்வளவு அழகா கண்டுபிடிச்சவன் இதை ஏன் மறைச்சான்?" என்று கேட்டார். உன் சான்றை அவரே கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

எனக்கு ஒரு மெமோ, பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளி. சாம்பிள் இனி மணிக்கொரு தரம், அதைச் சனிக்கிழமை தோறும் படித்துறை வாசலில் பலகையில் எழுதிப் போட வேண்டும். ஒரு வருடம் முழுக்கத் தேறினால் அடுத்த ஜூலையில் திறப்பார்கள். பழைய தொட்டியைப் பக்காவாகச் சேர்க்க ஆணை போட்டாகிவிட்டது. உன் படத்தைத்தான் வரைபடமாக வைத்து வேலை நடக்கிறது.

முதல் சனிக்கிழமை பலகையில் எண்களை எழுதிக்கொண்டிருந்தேன். தையல்காரம்மா வந்து பின்னால் நின்றார். நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், எனக்கு இத்தனை நாள் கால் வரவில்லை. பலகையைப் படித்தார். "அப்போ அன்னிக்கு நீங்க எங்கிட்ட சொன்னது?" என்று கேட்டார். "தப்பு. காலை ஒன்பது மணித் தண்ணியை மட்டும் பாத்துட்டு, பதினொரு மணித் தண்ணியைப் பாக்காமலே சொன்னேன். உங்க பொண்ணு காதுக்கு எங்க தண்ணிதான் காரணமா இருக்கும்" என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"யாரு அந்த நேரத்தை வச்சது?" என்றார்.

இத்தனை மாதம் என் வாயால் யாரிடமும் சொல்லாத பதிலைச் சொன்னேன். "என் கூடப் பொறந்த தம்பி. தெரிஞ்சுதான் வச்சான். அவனாவே எழுதி ஒத்துக்கிட்டான், வேலை உயர்வும் போச்சு." முதல் பாதியைச் சொல்லும்போது தலை குனிந்துதான் இருந்தது. இரண்டாவது பாதிக்கு வந்தபோது என்னை அறியாமல் நிமிர்ந்துவிட்டேன். உன்னை நினைத்துப் பெருமைப்பட்டேன், தம்பி. அதை அந்த அம்மா முன்னால் காட்டிக்கொள்ளக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

அவர் ஏரிப் பக்கம் திரும்பி நின்றார். பிறகு, "ஊருக்கு வருவாரா?" என்றார். "வருவான்" என்றேன்.

"வந்தா எங்க வீட்டுக்கு வரச் சொல்லுங்க. எம் பொண்ணுகிட்டயே சொல்லட்டும். அவளுக்கு இடது பக்கமா உக்காந்து பேசச் சொல்லுங்க, வலது காது கேக்காது."

லீவு கிடைத்ததும் கிளம்பி வா. அவர்கள் வீட்டுக்கு நான் உன்னோடு வரமாட்டேன், தனியாகத்தான் போக வேண்டும். நீ திரும்பி வரும்வரை தெருமுனையில் நிற்கிறேன்.

அன்புடன்,
அக்கா